குழி தோண்டத் தடை

ஒரு குட்டித் தீவு. அங்கே வாழ்ந்த நண்டுகளை, கடல் தாண்டி வந்த கூழைக்கடா ஒன்று ஆண்டுகொண்டிருந்தது. கரையோர மீனையெல்லாம் அலகுப் பையில் அள்ளிக்கொண்டு, நண்டுகளுக்குத் தலைக்கு ஒரு பொடிமீன் போடும். மணலில் குழி தோண்டினால் கரையின் அழகு கெட்டுவிடும் என்று தடையும் போட்டிருந்தது.

ஒருநாள் ஒரு பெண் நண்டு அதன் முன்னால் போய் நின்றது.

"ஐயா, எங்க தீவை இனிமே நாங்களே பாத்துக்கிறோம்."

"தாராளமா! ஆனா முதல்ல சொந்தமாச் சாப்பிடக் கத்துக்குங்க. நான் போட்டாத்தானே உங்களுக்கு மீன்?"

"அப்போ குழி தோண்ட விடுங்க. கடல் வடியும்போது மீன் அதுல தங்கும்."

"அது மட்டும் கூடாது."

பெண் நண்டு அங்கேயே தோண்ட ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற நண்டுகளும் வந்து சேர்ந்துகொண்டன. எத்தனை பேரைத்தான் கூழைக்கடா கொத்தி விரட்டும்?

"பசிச்சா என்கிட்டதான் வரணும்!" என்று கத்திவிட்டு, பாறை மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

கடல் ஏறியது, வடிந்தது. குழி நிறைய மீன் துள்ளியது.

பசியோடு இறங்கி வந்த கூழைக்கடா, வழக்கம்போல் நேராகக் குழிக்குள் அலகை நீட்டியது. பெண் நண்டு கொடுக்கைத் தூக்கிக் குறுக்கே வைத்தது.

"சாப்பிடுங்க ஐயா, நிறையவே இருக்கு. ஆனா கேட்டுட்டு எடுங்க."