வாசலுக்கு நேரா படிக்கட்டு

ஃபெங் சுயி நிபுணர் திசைகாட்டியும் கையுமாக அறை அறையாக நடந்தார். வீடு வாங்க வந்திருந்த கணவனும் மனைவியும் பின்னாலேயே போனார்கள்.

"வாசலுக்கு நேரா படிக்கட்டு. வர்ற அதிர்ஷ்டம் அப்படியே இறங்கிப் போயிடும்."

"கதவை வேணா மாத்திடலாமா சார்?"

"அடுப்பும் தண்ணிக் குழாயும் நேருக்கு நேர். புருஷன் பொண்டாட்டி ஒத்துப்போக மாட்டாங்க."

"அது இப்பவே அப்படித்தான் சார்" என்றான் கணவன்.

"சும்மா இருங்க" என்று அதட்டிய மனைவி, "ரெண்டு வருஷம் அலைஞ்சு மனசுக்குப் பிடிச்ச வீடு சார். பரிகாரம் எதுவும் இல்லையா?" என்றாள்.

"கண்ணாடி மாட்டிச் சரி பண்ற கேஸ் இல்லம்மா இது. விட்டுடுங்க."

இருவருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கிளம்பும்போது, அங்கே வாடகைக்கு இருந்த அம்மாளிடம் மனைவி சொன்னாள்: "நல்லவேளைக்கா, நீங்க இவரைக் கைகாட்டினீங்க. இல்லேன்னா மாட்டியிருப்போம்."

கார் கிளம்பியதும் அந்த அம்மாள் கதவைத் தாழ்போட்டாள். நிபுணர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஏங்க, நிஜமாவே நம்ம வீடு அவ்வளவு ராசியில்லாததா?"

"அடிப் போடி. ராசியில்லாத வீடுன்னா, விக்கணும் காலி பண்ணுங்கன்னு ஓனர் இந்தக் குதி குதிச்சும் நாம இன்னும் இதுலயே இருப்போமா?"