முப்பது நாள் மருந்து

"மாசா மாசம் பொண்டாட்டியை இங்க அனுப்பிட்டு நான் ஓட்டல்ல சாப்பிடணுமா அத்தை? இன்னையோட நிறுத்திக்குங்க!"

மாப்பிள்ளை சகாயராஜின் குரல் வடவாற்றின் அக்கரை வரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு நீலாம்பாள் துணி காயப்போட வந்தவள், ஒரே துண்டை நான்காவது முறையாக உதறிக்கொண்டிருந்தாள். அதை வைத்து அவள் ஒட்டுக் கேட்டாள் என்று சொல்லிவிட முடியுமா?

"நான் என்ன செய்யட்டும் மாப்பிள்ளை? மருந்து முப்பது நாளுக்கு மேல தாங்காதே" என்றாள் அமலி.

அமலிக்கு முதுகுத்தண்டில் தீராத வலி. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில், வயிற்றுத் தோலுக்கு அடியில் வட்டமாக ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மருந்து சொட்டுச் சொட்டாகத் தண்டுவடத்துக்குப் போகும். இரண்டு மருந்துகளைக் கலந்து நிரப்புவதால் முப்பது நாளில் வீரியம் குறைந்துவிடும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், வயிற்றில் ஊசி குத்தி, பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். துணைக்கு நாகப்பட்டினத்திலிருந்து மகள் ஷீபா வருவாள்.

"கதை விடாதீங்க. டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டேன். கலக்காம ஒரே மருந்தாப் போட்டா மூணு மாசம் நிக்குமாம். உங்களுக்கு அதுவே போதுமாம். நீங்கதான் வேணாம்னீங்களாம்!"

ஷீபா அம்மாவின் மஞ்சள் ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நர்ஸுக்குப் படித்தவள். கல்யாணத்தோடு வேலையும் போயிற்று, வாயும் போயிற்று.

"அந்த மருந்து என் வலிக்குக் கேக்காது மாப்பிள்ளை."

"வலியாவது ஒண்ணாவது! தனியா இருக்க முடியல, பொண்ணு மூஞ்சியைப் பாக்கணும். அதுக்கு ஒரு சாக்கு!"

அமலி பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

"ஆமா, தனியாத்தான் இருக்கேன். அப்படியே வெச்சுக்குங்க. ஆனா நாளைக்கு நான் வலியில துடிச்சா, பொண்ணை அனுப்ப மாட்டேன்னவர் யாருன்னு ஊர் கேக்கும். சாட்சிக்கு ஆள் இருக்கு. என்ன நீலா, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே?"

துண்டு கீழே விழுந்தது.

சகாயராஜ் சுவருக்கு மேல் தெரிந்த தலையைப் பார்த்தான். ஊர் வாய்க்குப் பயந்தவன். "மாசத்துக்கு ஒரு நாள். ஒரே நாள்" என்று முணுமுணுத்துவிட்டு பைக்கை உதைத்தான்.

அன்று சாயங்காலம் நீலாம்பாள் ரசத்தோடு போனாள். உள்ளே யாரும் பார்க்காத டிவி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் ஒற்றை ஆளுக்கான சோறு.

"ஏங்க்கா, அந்தப் பொண்ணை ஏன் இழுத்தடிக்கிறீங்க? நான் கூட வரமாட்டேனா?"

"நீ வந்தா ஆகாது நீலா."

"ஊசி போட அரை மணி நேரம். காலையில போறவங்க விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புறீங்க. அப்படி என்னதான் பண்றாங்க?"

"படுக்க வெச்சு அனுப்புறாங்க" என்ற அமலி ரசத்தை மோந்து பார்த்தாள். "புளி கூடிடுச்சு."

நீலாம்பாள் தெருவுக்குச் சொன்ன தீர்ப்பு இது: தனிமை முற்றினால் மனுஷி வயிற்றில் ஊசியைக்கூட வரவேற்பாள். தெரு அதை ஏற்றுக்கொண்டது. மாதா மாதம் மஞ்சள் ஃபைல் தடித்துக்கொண்டே போனதைப் பார்த்து, பாவம், நோய் முற்றுகிறது என்றும் சொல்லிக்கொண்டது.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஈஸ்டர் முடிந்த நாலாம் நாள் ஷீபா அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் பறந்துவிட்டாள். நாகப்பட்டினத்தில் சகாயராஜுக்கே விமானம் கிளம்பிய பிறகுதான் தெரியும் என்றார்கள். அடுத்த வருஷமே அவன் வேறு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஷீபா போன அடுத்த வாரம், மருந்து நிரப்ப அமலிக்குத் துணையாக நீலாம்பாள்தான் போனாள். ஊசி போடும் அறையில் நர்ஸ் சிரித்தாள்.

"இன்னைக்காவது சீக்கிரம் வீட்டுக்குப் போவீங்களா ஆன்ட்டி? உங்க பொண்ணு பாஸ்போர்ட்டு, இங்கிலீஷ் பரீட்சைன்னு ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சு வர்ற வரைக்கும் வராண்டா பெஞ்சிலயே உக்காந்திருப்பீங்களே!"

நீலாம்பாளுக்கு வாய் மூடவில்லை. அமலி அவளைத் திரும்பிப் பார்க்காமல், மருந்து நிரப்ப வந்த டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"இனிமே அந்த மூணு மாச மருந்தையே போட்டுடுங்க டாக்டர். மாசம் ஒரு நாள் வெளிய வர வேண்டியவ, மொத்தமா வெளிய போயிட்டா."