படிப்புக்காக

லீசா பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என் மகனைப் பார்த்தாள். கல்லூரிக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் அவள்.

விலகுவதற்கான காரணம் என்ற இடம் மட்டும் படிவத்தில் வெறுமையாகக் கிடந்தது.

ரிஷிகேசன் நிலத்தைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். படிப்பு என்று எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் சொன்னேன்.

இந்த வருடம் பாதியில் போகிற மூன்றாவது பிள்ளை இவன், மூன்று பேருக்கும் படிப்புத்தான் காரணம் என்றாள் லீசா.

எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வருடமாக நான் பிடித்த சண்டை அது. பந்தை விட்டால் படிப்புத் தானாக வரும் என்று சோற்றோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன். பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை, இந்த முறை நான்கு பாடத்தில் கோட்டை விட்டான். வேறு என்ன காரணம் இருக்கமுடியும்?

பின்வரிசையில் நின்று விளையாடுபவன். உயர வரும் பந்தையெல்லாம் தலையால் அடித்துத் திருப்புவான். வைகாசியில் ஒருத்தனோடு தலை மோதி, நான்கு நாள் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தான். போன் பார்ப்பதைக் குறை என்றேன்.

போன கிழமை, பந்தை விடுகிறேன் என்று அவனாகவே வந்து சொன்னான். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இன்று காலை சப்பாத்துப் போடும்போது கேட்டான்.

"அம்மா, நீங்களும் என்னோடை வாறியளோ?"

"இருபது வயசுப் பொடியனுக்குத் துணைக்கு ஆள் வேணுமோ?" என்று பகிடி பண்ணினேன். ஆனால் மனம் குளிர்ந்துவிட்டது. பிள்ளை திரும்பவும் என் கைக்குள் வந்துவிட்டான்.

உடுப்பு மாற்றும் அறையில் லீசா அவனுடைய அலுமாரியைத் திறந்துவிட்டாள். அவன் விளையாட்டுச் சட்டைகளைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். நான் மிச்சச் சாமான்களைப் பைக்குள் வைத்தேன்.

அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவனுடைய கையெழுத்து.

நான் முதியோர் இல்லத்தில் மறதி நோயாளர் பிரிவில் வேலை செய்கிறேன். அவர்களுடைய அலுமாரிகளில் இப்படித் தாள் எழுதி ஒட்டுவது என் வேலை. எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும். ஒரு வரியில் ஒரு விஷயந்தான். இவனும் அப்படியே எழுதியிருந்தான்.

என் இலக்கம் 4.

பயிற்சியாளர் லீசா.

வீடு ஹொல்ம்லியா.

ஸ்கீ போகிற ரயிலில் ஏறு.

தாளை மெல்ல உரித்து மேலங்கிக்குள் வைத்தேன். அவன் வந்தபோது பையை இழுத்து மூடினேன். தாளைப் பற்றிக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

நிலையத்தில் இரண்டு பக்கமும் ரயில் நின்றது. ஒன்று ஸ்கீ என்ற ஊருக்குப் போவது, பதினாறு வருடமாக நாங்கள் ஏறுகிற ரயில். எது என்று நான் சொல்லவில்லை. அவனே முன்னால் நடந்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

அவன் என் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான்.