கரடியாரின் கால்தடம்

மலைக்காட்டில் காய்ச்சல் பரவியது. ஓடைக்கு இக்கரையில் கரடியார் ஆட்சி, அக்கரையில் செந்நாயார் ஆட்சி. இரண்டு கரையிலும் முயல்கள் வளைக்கு வளை முனகிக்கொண்டு கிடந்தன.

கரடியாரின் உதவியாளரான கீரி, நாக்குத் தள்ள அலைந்து, காய்ச்சலுக்கு மருந்தாக ஆடாதோடை இலைகளைக் குவித்தது.

"ஐயா, இப்பவே கொடுத்துடலாமா?"

"அவசரப்படாதே! சும்மா கொடுத்தா, செந்நாய் தான் கொடுத்ததா சொல்லிக்குவான். ஒவ்வொரு இலையிலும் என் கால்தடம் இருக்கணும். சேறு கொண்டா."

கீரி கொண்டுவந்த கருஞ்சேறு எடுப்பாக இல்லை என்றார். செஞ்சேறு கண்ணைக் குத்துகிறது என்றார். கீரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உத்தியோகம் போய்விடுமே என்று அடுத்த சேற்றைத் தேடி ஓடியது.

பிடித்த சேறு வந்து சேர்ந்தபோது கரடியாரே காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். கீரி அவசரமாக ஓர் இலையை நீட்டியது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் என் தடம் எங்கே?"

"நீங்க எழுந்தாத்தானே தடம் வைக்க முடியும்? இலையைத் தின்னாத்தானே எழ முடியும், ஐயா?"

கரடியார் யோசித்தார். "என் காலைத் தூக்கிப் பிடி."

கீரி அந்தக் கனத்த காலை மூச்சிரைக்கத் தூக்கி, சேற்றில் தோய்த்து, இலைமேல் அழுத்தியது. தடம் பளிச்சென்று விழுந்தது. கரடியாரின் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! எல்லாரையும் கூப்பிடு. அவங்க கைதட்டினதும் முதல் இலையை நானே தின்னு தொடங்கி வைக்கிறேன்."

கீரி வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"கைதட்டுற நிலைமையில் ஒருத்தரும் இல்லீங்க, ஐயா."