ஐந்தாவது சாட்சி

"கட்டையில போறவனே! நெனவில்லாத மனுசன் கையப் புடிச்சா ரேகை வைக்கிற?"

அகஸ்டினா போட்ட கூச்சலில் லுணுகலைத் தெருவே வாசலில் கூடிவிட்டது. யேசுரத்தினம் காதில் வாங்கவில்லை. பேச்சு மூச்சில்லாமல் கிடந்த அண்ணன் அந்தோனிமுத்துவின் பெருவிரலை மையில் தோய்த்து, மரண சாசனத்தில் அழுத்தினான்.

கங்காணி வேலை பார்த்து அண்ணன் வாங்கிய வீடும் அரை ஏக்கர் நிலமும் தம்பிக்கே என்றது அந்தக் காகிதம். அண்ணன் மனைவி அகஸ்டினாவுக்கும் அவள் மகளுக்கும் ஒரு வரிகூட இல்லை.

தான் சாசனம் எழுதும் சேதி போன வாரமே அவள் காதுக்கு எட்டியது அவனுக்குத் தெரியும். மறுநாளே, மருந்து வாங்க என்று மாட்டு வண்டியேறிப் பதுளைக்குப் போனவள், மருந்துக் குப்பி இல்லாமல் திரும்பினாள். புருசனையே கைவிட்டவள் இப்போது கத்தி என்ன ஆகப்போகிறது?

பத்திரம் பதியும் நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சி வேண்டும். அவன் அழைத்து வந்தவர்களில் நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைக்கார ஷுக்ரி மட்டும் பேனாவைத் தொடாமல் எழுந்தார்.

"இது அநியாயம் தம்பி. நான் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும்."

தெருவிலிருந்தும் ஒருவரும் முன்வரவில்லை. யேசுரத்தினத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. அகஸ்டினா பேனாவை எடுத்து அவன் மார்பில் வீசினாள்.

"ஊரான் எதுக்கு? நீயே போடு! கூடப் பொறந்தவன்தானே? இல்ல, நீ எழுதுன காயிதத்துல கையெழுத்துப் போட ஒனக்கே கூசுதா?"

அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். சிரிப்பொலி ஒன்றும் கேட்டது.

"எனக்கென்ன கூச்சம்?" காகிதம் கிழியும்படி அழுத்தி, ஐந்தாவது சாட்சியாகத் தன் பெயரை எழுதினான்.

அண்ணனை அடக்கம் செய்த மூன்றாம் நாள், பொழுது விடிந்ததும் அதே காகிதத்தோடு வந்து நின்றான்.

"மூட்டையக் கட்டு. மகளக் கூட்டிக்கிட்டு தோட்டத்து லயத்துக்கே போய்ச் சேரு."

அகஸ்டினா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். அழுது வீங்கிய கண்களில் கோபம் மட்டும் குறையவில்லை. ஆனால் இந்த முறை அவள் கத்தவில்லை.

"அன்னிக்கு நான் பதுளைக்குப் போனது மருந்துக்கில்ல, வக்கீலப் பாக்க. நீயும் பதுளைக் கோட்டுல போய்க் கேளு. சாட்சி போட்டவனுக்குச் சொத்து கெடையாது."