அவங்க முன்னாடி

ரத்னவேல் ஒரு பப்பாளித் துண்டை முள்கரண்டியில் குத்தி, மனைவியின் வாயருகே நீட்டினார். சுசீலாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

உமாமகேஸ்வரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டியும் இது என்ன கொஞ்சல்? அதுவும் எதிரே இரண்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு!

"உமாவுக்கும் ஒரு துண்டு கொடுங்கண்ணே," என்றாள் சுசீலா.

அழகேசன் விழித்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து மனைவியின் தட்டில், வாயில் அல்ல, தட்டில் வைத்தார்.

"தேங்க்ஸ்ங்க," என்றாள் உமா. சொன்ன பிறகுதான் பகீரென்றது. புருஷனிடம் யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? சுசீலா கவனித்திருப்பாளோ?

மகள் ரக்‌ஷனா மேல்படிப்புக்குப் போனதிலிருந்து வீட்டில் இவர்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. பேசினால் சண்டை. "எங்கேயாவது சுத்திட்டு வாங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று மகள்தான் கிளப்பிவிட்டாள். அழகேசன் விருப்ப ஓய்வு வாங்கினார். வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று மாதக்கணக்கில் சுற்றினார்கள்.

சரியாகவில்லை.

பினாங்கில் ஒரு ஹோட்டல் அறையில், குரலைக்கூட உயர்த்தாமல் முடிவுக்கு வந்தார்கள். திருச்சியில் இறங்கியதும் அவரவர் வழி.

நடுவே சிங்கப்பூர் மட்டும் பாக்கி. ரத்னவேல் அழகேசனின் கல்லூரித் தோழர். ஆங் மோ கியோவில் தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அவங்க முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க," என்று பஸ்ஸில் வரும்போதே உமா எச்சரித்திருந்தாள்.

"நீயும்தான்," என்றார் அவர்.

வந்த நாளிலிருந்து உமாவுக்கு அதே நினைப்புதான். படுக்கையறையில் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று விழுங்கிக்கொண்டாள். அவரும் விழுங்கிக்கொண்டார்.

சுசீலாவோ விடுவதாக இல்லை. காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பும்போது வெயில் கொளுத்தியது.

"ஒரு குடைதான் உங்களுக்கு. ரெண்டு பேரும் ஒட்டி நடங்க லா!" என்றாள் சிங்கப்பூர் இழுவையில்.

ஒட்டி நடந்தார்கள். குடை முழுக்க உமா பக்கமே சாய்ந்திருந்தது. அவர் தோளில் வெயில் அடித்தது. "நீங்களும் உள்ள வாங்க," என்று மெதுவாகச் சொன்னாள். திரும்பிப் பார்த்தால், சுசீலா கண்கொட்டாமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோப்பம் பிடித்துவிட்டாள்.

கடைசி நாள் மாலை லிட்டில் இந்தியா. ஆண்கள் பெட்டி வாங்கப் போய்விட, பெண்கள் இருவரும் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள்.

"தீபாவளிக்கு வந்து பாருங்க உமா. இந்த ரோடே ஜொலிக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து வரணும், சொல்லிட்டேன்."

அதற்கு மேல் உமாவால் முடியவில்லை.

"சேர்ந்து வர மாட்டோம்ங்க. ஊருக்குப் போனதும் நாங்க பிரியறோம்."

"தெரியும்."

உமா நிமிர்ந்தாள். "எப்படி?"

"பினாங்குலேருந்து அண்ணன் இவருக்குப் போன் பண்ணாரு. பாதிக்கு மேல பேச்சே வரலையாம். அழுதிருக்காரு."

"அவரா? அழுதாரா?"

சுசீலா தலையாட்டினாள். உமாவின் வெட்கம் மெல்லக் கோபமாக மாறியது.

"அப்ப, தெரிஞ்சேதான் எங்க முன்னாடி கொஞ்சிக் காமிச்சீங்களா? பாத்துக் கத்துக்கங்கன்னா? உங்களுக்கு நல்லா அமைஞ்சிருச்சு, சுசீலா. எங்க வலி உங்களுக்கு எங்கேருந்து புரியும்?"

சுசீலா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான் இருக்கிறது இந்த ஊர்லயே வேற பக்கம், கிளமெண்டியில உமா. தனியா. எங்களுக்கு டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷமாச்சு."

உமா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவரு கூப்பிட்டாரு. எங்கிட்ட அவரு ஒண்ணு கேட்டே ரொம்ப நாளாச்சு. லீவ் போட்டுட்டு வந்தேன்."

"எதுக்கு இந்த நாடகம்? எங்களைத் திருத்தவா?"

"உங்களைத் திருத்த நான் யாரு? ஹோட்டல் ரூம்ல உங்களை யாரும் பாக்கிறதில்ல. அவரு ஒண்டியா இருக்கிறது தெரிஞ்சா நீங்க வீட்டுக்கு வந்திருக்க மாட்டீங்க. குடும்பம் நடக்கிற வீடுன்னாத்தான் வந்து தங்குவீங்க, கொஞ்சம் பாத்துப் பதமா நடந்துக்குவீங்கன்னு தோணிச்சு. நடந்துக்கிட்டீங்க. நான் பாத்தேன்."

"அது... உங்களுக்காக..."

"நாங்களும் அப்படித்தான். உங்களுக்காகன்னுதான் ஆரம்பிச்சோம்."

எதிர்ச்சாரியில் ஆண்கள் இருவரும் புதுப் பெட்டியோடு சிக்னலுக்குக் காத்து நின்றார்கள். அழகேசன் கூட்டத்துக்குள் எட்டி எட்டி உமாவைத் தேடிக்கொண்டிருந்தார். உமா தன்னையறியாமல் கையைத் தூக்கிக் காட்டினாள்.

சுசீலா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் பார்வை ரத்னவேல் மேலேயே இருந்தது.

"நாங்க சண்டை போட்ட காலத்துல, எங்க வீட்டுக்கு விருந்தாளின்னு ஒருத்தர்கூட வரலை, உமா."