நியாயஸ்தர் போட்ட விலை

"அண்ணே! இது ரேடியோ இல்ல, ரேடியோவோட பிணம்!"

நியாயஸ்தர் இதைக் கத்தித்தான் சொன்னார். கத்தாவிட்டால் போஸ்ட்மாஸ்டருக்குக் கேட்காது. வேலையிலிருந்து அவர் ரிட்டயரான கையோடு அவருடைய காதுகளும் ரிட்டயராகிவிட்டன.

மேஜை மேல் இருந்தது போஸ்ட்மாஸ்டரின் பழைய ஹாம் ரேடியோ. பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. அதில் உலகத்தையே வம்புக்கு இழுத்தவர் அவர். இப்போது எதிர்முனையில் யார் என்ன சொன்னாலும் கேட்பதில்லை. அதனால் பெட்டியை விற்றுக் காது மெஷின் வாங்குவது என்று அவர் மனைவி முடிவு செய்துவிட்டார். மெஷின் விலை இருபத்தைந்தாயிரம்.

பழைய செட்டுக்கு விலை போடுவதில் ஹாம் கிளப் செயலாளரை மிஞ்ச ஆளில்லை. "நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வதால் அவருக்கு நியாயஸ்தர் என்றே பெயர். பார்க்க மட்டும்தான் வருகிறேன் என்றவர், பெட்டியைத் தூக்க மச்சானையும் கூட்டி வந்திருந்தார்.

குமிழைத் திருகினார். "ஆடுது." மூடியைத் திறந்தார். "உள்ள பல்லி குடும்பம் நடத்துது."

மாடியிலிருந்து வரும் ஏரியல் கம்பியைச் சொருகி, கிளப் ஆட்கள் பேசும் அலைவரிசைக்குத் திருப்பினார். யாரோ இருவர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கறது கேக்குது. பேசுதான்னு பாப்போம்." அவர்கள் பேச்சு ஓய்ந்ததும் மைக்கை எடுத்து அதன் பொத்தானை அமுக்கினார். "பாத்தீங்களா அண்ணி? அமுக்கினா இந்தச் சிவப்பு விளக்கு எரியணும். எரியல. பேச்சு போச்சு!"

"போன மாசம் வரைக்கும் பேசிக்கிட்டுதானே இருந்தாரு தம்பி?"

"பேசியிருப்பாரு. அது போய்ச் சேர்ந்துதான்னு யாருக்குத் தெரியும்? பதில் வந்தாலும் அவருக்குத்தான் கேக்காதே!"

போஸ்ட்மாஸ்டரின் மனைவி பெட்டியின் மூடியை மெதுவாக மூடினார். "எவ்வளவு போகும்?"

"பழைய இரும்பு விலைதான். அண்ணன் முகத்துக்காக மூவாயிரம் தரேன்."

"மெஷினுக்கு இருபத்தஞ்சு வேணுமே தம்பி..."

"நான் என்ன செய்யட்டும் அண்ணி? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

போஸ்ட்மாஸ்டருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டீ கொண்டு வரேன்," என்று உள்ளே போனார். போகும்போதே முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. "நிஜமாவே செத்துப்போச்சா மாமா?"

நியாயஸ்தர் குரலைத் தாழ்த்தினார். போஸ்ட்மாஸ்டர் எதிரிலேயே இருந்தார். அதனால் என்ன? எரியாத விளக்கை மச்சானுக்குக் காட்ட மறுபடி பொத்தானை அமுக்கினார், அமுக்கியபடியே பேசினார்.

"டேய் மாப்ளே, இந்த மாடல் இப்ப தவம் கிடந்தாலும் கிடைக்காது. இப்படியே வித்தா முப்பதாயிரம். விளக்கு எரியல பாரு, அந்தக் கோளாறை மட்டும் சரி பண்ணிட்டா நாப்பது. வாங்க ஆள் ரெடியா இருக்கு."

"பாவம் மாமா. காது மெஷினுக்குன்னு விக்கறாங்க."

"காது வந்து என்ன பண்ணப் போறாரு? பொண்டாட்டி திட்டறதைக் கேக்கறதுக்கா? இந்த வரம் எனக்குக் கிடைக்கலியேன்னு உங்க அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து நான் ஏங்கறேன். ஆமா, அவகிட்ட மூச்சு விட்டுடாத. நாலாயிரத்துக்குத்தான் வித்தேன்னு சொல்லப் போறேன்."

சிரித்து முடித்துப் பொத்தானை விட்டார்.

பெட்டி பேசியது.

"என்னங்க."

நியாயஸ்தர் மச்சானைப் பார்த்தார். மச்சான் பெட்டியைப் பார்த்தான். அது அக்காவின் குரல்.

"லைசென்ஸ் இல்லாதவ வீட்டுல இருக்கற உங்க பெட்டியைத் தொடக் கூடாதுன்னு சொல்வீங்க. இன்னிக்குத் தொட்டுட்டேன். அணைக்காமப் போனது உங்க தப்பு. அந்தச் செட்டுக்கு ஒரு கோளாறும் இல்ல, விளக்குலதான் பல்பு போயிருக்கு. நீங்க பேசினது அவ்வளவு தெளிவா கேட்டுது. எனக்கு மட்டுமில்ல, முழங்கால் வலிக்காரங்களுக்கும் கேட்டுது, மொத்தக் கிளப்புக்கும் கேட்டுது. அந்தம்மாவுக்கு நாப்பதாயிரத்தையும் குடுத்துட்டு வீட்டுக்கு வாங்க. வரம் நேர்ல தரேன். டேய் தம்பி, உனக்கும் இருக்கு!"

வாசற்படியில் டீத் தட்டோடு போஸ்ட்மாஸ்டரின் மனைவி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அந்த அறையில் ஒன்றும் கேட்காதவர் போஸ்ட்மாஸ்டர் ஒருவர்தான். எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, செட்டு ஏதோ சொல்லுது போலிருக்கே? என்ன விலைக்குப் போகுமாம்?"

"நீங்களே சொல்லுங்க," என்றார் அவர் மனைவி, நியாயஸ்தரைப் பார்த்து.

நியாயஸ்தருக்கு வேர்த்துக் கொட்டியது. போஸ்ட்மாஸ்டரின் காதருகே குனிந்து, முனகுகிற மாதிரி, "நாப்பதாயிரம்ண்ணே," என்றார்.

போஸ்ட்மாஸ்டர் கையைக் காதில் குவித்துக்கொண்டார். "பொய் சொல்ற மாதிரி ஏன் தம்பி முனகறீங்க? நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க!"